நீர்க்காகத்தின் பின்னால் ஓடும் கொக்கு: கூட்டாளியா, திருடனா?

ஏரிச்சாலை (கொடைக்கானல்), திங்கள் காலை 8.10

வணக்கம். நான் பறவை பார்க்கிற ஆள் இல்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் எங்களுக்கு வாடகை சைக்கிள் கடை. காலை ஆறரைக்குத் திறந்தால் எட்டு மணி வரை ஈ ஓட்டுவதுதான் வேலை. ஃபிளாஸ்க்கில் டீயை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பத்து நாளாக ஒரே காட்சி. மூன்று நீர்க்காகங்கள் கரையை ஒட்டி முங்கி முங்கி மேய்கின்றன. ஒரு வெள்ளைக்கொக்கு கரையோரத் தண்ணீரில் அவற்றுக்கு நேராகவே நடக்கிறது. அவை முங்கினால் இது நின்றுவிடுகிறது. அவை பத்தடி தள்ளி எழுந்தால், இறக்கையை அரைகுறையாக விரித்துக்கொண்டு இதுவும் அங்கே ஓடுகிறது. கொக்கு என்றால் ஒற்றைக்காலில் தவம் செய்யும் என்றுதான் கேட்டு வளர்ந்தேன். இது சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் ஓடும் சின்னப்பையன் மாதிரி இருக்கிறது.

வீட்டுக்காரர் "அது திருட்டுக்கொக்கு" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மடையான் (ஊட்டி), திங்கள் காலை 9.25

முதலில் அதன் காலைப் பாருங்கள் அம்மா. கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள், அலகு கறுப்பு என்றால் அது சின்னக்கொக்கு. அலகு மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் உண்ணிக்கொக்கு, அது தண்ணீரைவிடப் புல்தரையை நம்பும் ஜாதி.

சின்னக்கொக்குக்குத் தவத்தில் நம்பிக்கை கிடையாது. ஓடும், குதிக்கும், ஒரு காலால் சேற்றைக் கலக்கிவிட்டு வெளியே வருவதைக் கொத்தும். கல் மாதிரி நிற்பது மடையான்தான் (நான் இல்லை, குளத்துக்கொக்கு).

நீங்கள் பார்த்தது, வேட்டைக்குக் காடு கலைப்பார்களே, அந்தக் கதை. நீர்க்காகம் தண்ணீருக்கு அடியில் துரத்துகிறது. மீன் தப்பிக்க இரண்டு வழி: ஒன்று ஆழம், இன்னொன்று நீர்க்காகத்துக்கு முங்க இடமில்லாத கரையோரம். கரையோரத்துக்கு வந்த மீனுக்கு மேலே இன்னொரு அலகு காத்திருக்கிறது. நீர்க்காகம் கலைக்கிற ஆள், கொக்கு பொறுக்குகிற ஆள். நீர்க்காகத்தின் வாயில் இருப்பதைப் பிடுங்கினால்தான் அதற்குத் திருட்டு என்று பெயர். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

---

குட்டிச்சந்தேகம் (குன்னூர்), திங்கள் பகல் 1.02

சார், இது கமென்சலிசம்தானே? ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை. பிளஸ் டூ படிக்கும்போது உண்ணிக்கொக்கும் மாடும் என்று எடுத்துக்காட்டு எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.

---

கூடலூர்வயல் (கூடலூர்), திங்கள் இரவு 8.47

தம்பி, புத்தகத்தில் மாடு இருக்கிறது, எங்கள் வயலில் மாடு இல்லை. டிராக்டர்தான். கொக்குகளுக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. சேற்றுழவு தொடங்கிய பத்து நிமிடத்தில் எங்கிருந்து வருகின்றன என்றே தெரியாது, கொழுவுக்குப் பின்னால் வெள்ளையாக இறங்கிவிடும். உண்ணிக்கொக்குகள் சக்கரத்தை ஒட்டியே நடக்கும். சின்னக்கொக்கு நான்கைந்து வரும், கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். மடையான்கள் வரப்பில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் தத்தி வரும் தவளைக்குக் காத்திருக்கும். என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் எல்லாம் சேர்ந்து என்னை முறைக்கும்.

பெயரைப் பார்த்து மாட்டின் உண்ணியைத் தின்றே வாழ்கிறது என்று நினைக்க வேண்டாம். உண்ணி, ஈ கிடைத்தால் விடாது. ஆனால் வயிறு நிறைவது மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியாலும் பூச்சியாலும்தான். மாட்டோடு நடக்கிற கொக்கு ஒரு பூச்சிக்கு எடுத்து வைக்கிற அடி குறைவு, தனியாக மேய்கிற கொக்கு அதிக தூரம் நடக்க வேண்டும். இதை எண்ணிப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். எண்ணாமலே எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கும் தெரியும்.

ஆனால் திருட்டே இல்லை என்று சொல்லாதீர்கள் மடையான் சார். ஒரு கொக்குக்குப் பெரிய தவளை கிடைத்தால் போதும், மற்ற இரண்டு விடாமல் துரத்தும். தவளையை விழுங்க நேரமாகும், அதுதான் சிக்கல். பூச்சி பிடித்த கொக்கை யாரும் துரத்தி நான் பார்த்ததில்லை.

---

அடிவாரம் (பழனி), செவ்வாய் காலை 6.30

கூடலூர் அண்ணன் போகிற போக்கில் சொன்ன கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. விழுங்க நேரமாகும் இரைக்குத்தான் திருடன் வருவான்.

நான் மலைக்குக் கீழே இருக்கிறேன். எங்கள் பக்கத்துக் குளங்களில் நாமக்கோழி நிறைய. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். அது முங்கி, அடியில் இருக்கும் பாசியைப் பிடுங்கி மேலே கொண்டுவந்து, மிதந்தபடி பிய்த்துப் பிய்த்துத் தின்னும். ஒரே வாயில் முடிகிற சாப்பாடு இல்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் நாமத்தலை வாத்துக்கும் கருவால் வாத்துக்கும் இந்தப் பாசி பிடிக்கும், ஆனால் அவை முங்கி எடுக்கிற ஜாதி இல்லை. தலையைக் கவிழ்த்து எட்டிய வரைதான். அதனால் நாமக்கோழிக்குப் பக்கத்திலேயே மிதந்துகொண்டு, அது மேலே வந்ததும் வாயிலிருந்தே பிடுங்கும். இது பறவை பார்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம், நாமக்கோழியும் இந்த வாத்துகளும் சேருகிற ஏரிகளில் பார்க்கலாம். கூந்தன்குளத்தில் ஒரு தை மாதம் அரை மணி நேரம் ஒரே ஜோடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாமக்கோழி முங்கும், வாத்து காத்திருக்கும். எழும், பிடுங்கும். மறுபடியும் முங்கும். அந்த வாத்துக்கு வெட்கம் என்பதே கிடையாது.

சண்டைக்காரப் பறவை என்று பெயர் வாங்கியது நாமக்கோழி. இன்னொரு நாமக்கோழி எல்லைக்குள் வந்தால் மல்லாந்து படுத்துக் காலால் உதைக்கும். இவ்வளவு கோபக்காரன் வாத்தை மட்டும் ஏன் பெரும்பாலும் விட்டுவிடுகிறது? என் கணக்கு இது: பாசி மலிவு. இன்னொரு முறை முங்கினால் இன்னொரு கொத்து வரும். சண்டைக்குச் செலவழிக்கும் நேரத்தில் இரண்டு முறை முங்கிவிடலாம்.

இங்கிலாந்துப் புல்வெளிகளில் ஆள்காட்டிக் குருவிகள் மண்புழுவை இழுத்து எடுக்கும்போது கருந்தலைக் கடற்காகம் வந்து பறிக்கும். மண்புழுவையும் சட்டென்று எடுத்துவிட முடியாது, இழுக்க வேண்டும். அந்த இடைவெளியில் கடற்காகம் பறந்து வந்துவிடுகிறது. பாசி, தவளை, புழு மூன்றுக்கும் ஒரே கதை.

ஏரிச்சாலை அக்கா, உங்கள் நீர்க்காகம் பிடிப்பது விரல் நீள மீன் என்றால் கொக்குக்குப் பறிக்க நேரமே கிடைக்காது. பெரிய மீன் பிடித்தால் மேலே கொண்டுவந்து, தலை முன்னால் போகும்படி தூக்கிப் போட்டுத் திருப்பித்தான் விழுங்கும். அந்த இரண்டு நொடியைக் கவனியுங்கள்.

---

பூம்பாறைப்பூண்டு (பூம்பாறை), செவ்வாய் காலை 11.18

எல்லாரும் சேர்ந்து கொக்குக்கு நல்லவன் சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். நீர்க்காகத்துக்கு நட்டமில்லை என்று யார் சொன்னது?

மீன் கரையோரத்துக்கு ஓடுகிறது. சரி. அங்கேயே குடியிருக்கப் போகிறதா? கொஞ்ச நேரத்தில் திரும்ப உள்ளே வந்துதானே ஆக வேண்டும். வரும்போது நீர்க்காகம் பிடிக்கலாம். இடையில் கொக்கு தின்றுவிட்டால் அது நீர்க்காகத்தின் பங்கில்தானே குறைகிறது? நான் பூண்டு பிடுங்கி வரப்பில் காயப்போட்டிருக்கிறேன், சிலது உருண்டு பக்கத்துத் தோட்டத்தில் விழுகிறது. அவர் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு "உன் கையிலிருந்தா பிடுங்கினேன்" என்றால் நான் ஒத்துக்கொள்வேனா?

---

மடையான் (ஊட்டி), செவ்வாய் மாலை 4.50

பூண்டு நியாயம் சரிதான். பாடப்புத்தகம் "நட்டமில்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறது. மாட்டுக்கு வெட்டுக்கிளி வேண்டாம், அதனால் அங்கே அந்த வார்த்தை நிற்கிறது. நீர்க்காகமும் கொக்கும் இரண்டுமே மீன் தின்னிகள். அங்கே அதே வார்த்தை வழுக்குகிறது. நான் முதலில் எழுதியதில் அவசரப்பட்டுவிட்டேன்.

ஆனால் தராசின் அடுத்த தட்டையும் பாருங்கள். கரையோரம் ஒரு கொக்கு காலை ஊன்றி நிற்கிறது. மேடு பார்த்து ஓடிவந்த மீன் அந்தக் காலைக் கண்டால் என்ன செய்யும்? வந்த வழியே திரும்பும். திரும்பினால் நீர்க்காகத்தின் வாய். அப்படியானால் கொக்கு கரையில் வேலி கட்டுகிறது என்றும் சொல்லலாம். லாபமா நட்டமா என்று நாற்காலியில் உட்கார்ந்து தீர்க்க முடியாது.

தீர்க்க ஒரு வழி இருக்கிறது. எல்லாரும் கொக்கையே பார்க்கிறோம், ஏனென்றால் ஓடுவது அது, வெள்ளையாகக் கண்ணில் படுவதும் அது. நீர்க்காகத்தைப் பாருங்கள். கொக்கு வந்ததும் நீர்க்காகம் இடம் மாறிப் போகிறதா? அப்படியானால் அதற்கு வலிக்கிறது. கண்டுகொள்ளாமல் மேய்கிறதா? அப்படியானால் நட்டம் இருந்தாலும் பெரிதில்லை. கொக்கு நிற்கிற கரையைத் தேடி நீர்க்காகமே வருகிறதா? அது நடந்தால் கூட்டாளி என்று நான் ஒத்துக்கொள்கிறேன். பின்னால் வருபவனுக்கு எப்போதும் லாபம்தான், இல்லாவிட்டால் ஏன் வருகிறான். முன்னால் போகிறவன்தான் சாட்சி.

---

காமராஜ்சாகர் (ஊட்டி பக்கம்), செவ்வாய் இரவு 9.30

இந்த இழையைத் தாமதமாகப் பார்த்தேன். அணைப் பக்கத்திலேயே வீடு. இங்கே கொக்கு நீர்க்காகத்தோடு மட்டும் இல்லை, முக்குளிப்பானோடும் நடக்கிறது. முக்குளிப்பான் தெரியும்தானே, கைப்பிடி அளவு உருண்டைப் பறவை, வால் என்று சொல்ல ஒன்றும் இருக்காது, கண்ணை மூடித் திறப்பதற்குள் முங்கிவிடும். அது களைச்செடிக்குள் புகுந்து சின்ன மீன், தலைப்பிரட்டை, நீர்ப்பூச்சி எல்லாவற்றையும் கிளப்பும். கொக்கு செடி ஓரத்தில் நிற்கும். முக்குளிப்பான் தின்பதோ பொடி இரை, வாயில் வைத்து ஆட்ட வேண்டியதில்லை, பறிக்க ஆளும் வருவதில்லை.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இந்த ஜோடி எல்லா நாளும் கிடையாது. அணையில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது கரை செங்குத்து, இரண்டடி எடுத்து வைத்தால் கொக்கு மூழ்கும். கோடையில் தண்ணீர் இறங்கி, சேற்றுத் திட்டு வெளியே வந்து, கணுக்கால் ஆழத்துக்கு ஒரு பட்டை கிடைக்கும்போதுதான் கொக்குக்கு வேலை. அவலாஞ்சி, எமரால்டு பக்கம் போனால் அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு, ஆனால் கொக்கு எண்ணிக்கை ஏமாற்றமாக இருக்கும். பள்ளத்தாக்கை அடைத்துக் கட்டியது, கரை சரிவாகவே இறங்கிவிடுகிறது.

கொடைக்கானல் ஏரி அப்படி இல்லை. 1863இல் லெவிஞ்சு துரை ஓடையை மறித்து உண்டாக்கியது, பரப்பு 24 ஹெக்டேர்தான். ஆனால் நட்சத்திரம் மாதிரி கை கையாக நீண்டு கிடப்பதால் சுற்றளவு ஐந்து கிலோமீட்டர் பக்கம் வந்துவிடுகிறது. சின்ன ஏரி, நீளமான கரை. நீர்க்காகத்துக்கும் கொக்குக்கும் சந்திக்கிற எல்லைக்கோடு அங்கே அதிகம். அக்காவின் கடை வாசலிலேயே இது நடப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

---

குட்டிச்சந்தேகம் (குன்னூர்), புதன் காலை 7.55

அப்படியானால் பெரிய கூட்டமாகச் சேரும்போது என்ன நடக்கும்? நீர்க்காகம் நூறு, கொக்கு ஐம்பது என்று வீடியோவில் பார்த்திருக்கிறேன். அதுவும் கலைக்கிறவன் பொறுக்குகிறவன் கதைதானா?

---

அடிவாரம் (பழனி), புதன் காலை 10.12

அங்கே கதை கொஞ்சம் மாறும் தம்பி. நீர்க்காகங்கள் கூட்டமாக மேயும்போது ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். பின்னால் விடுபட்டவை எழுந்து பறந்து முன்வரிசைக்குப் போய் விழும். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புப் பாய் ஒன்று தானே சுருண்டு உருளுகிற மாதிரி இருக்கும். மீன் கூட்டம் கரைக்குத் தள்ளப்படுகிறது. கரையில் கொக்கு வரிசை. யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று பிரிக்கவே முடியாது. கூழைக்கடா சேர்ந்தால் இன்னும் அமளி.

கூட்டம் எப்படிச் சேருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வெள்ளை நிறம். வானத்தில் போகிற கொக்குக்குக் கீழே நாலு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் "அங்கே சாப்பாடு" என்று அர்த்தம். வெள்ளைப் பொம்மைக் கொக்குகளைத் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தபோது நிஜக்கொக்குகள் இறங்கியிருக்கின்றன. நம் ஊரில் பந்தி போட்ட வீட்டு வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்துக் கண்டுபிடிப்போமே, அப்படி.

---

கூடலூர்வயல் (கூடலூர்), புதன் காலை 10.40

செருப்பு உவமைக்கு ஒரு சலாம்.

---

பூம்பாறைப்பூண்டு (பூம்பாறை), புதன் பகல் 12.05

அக்கா, ஏரியில் போட்டில் போகிறவர்கள் பொரி போடுகிறார்களே, அதற்கு மீன் கூட்டமாக மேலே வரும். அங்கே நீர்க்காகம் வருகிறதா? அப்படியானால் கலைக்கிற ஆள் சுற்றுலாப் பயணிதான்.

---

ஏரிச்சாலை (கொடைக்கானல்), புதன் இரவு 8.30

பொரிக்கு வருவது பெரிய கெண்டைகள். அந்தச் சைஸை நீர்க்காகம் தொடாது. வாத்துதான் வரும், அதுவும் போட் ஹவுஸில் வளர்க்கிற வாத்து. அவை பொரியை மீனிடமிருந்தே பறிக்கும். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

காலைப் பார்த்துவிட்டேன். கறுப்புக் கால், மஞ்சள் பாதம். சின்னக்கொக்கேதான். இனி நீர்க்காகத்தைப் பார்க்கிறேன்.

---

மடையான் (ஊட்டி), வியாழன் காலை 9.00

வளர்ப்பு வாத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பொரியையும். ஒரு நோட்டில் நேரம், எத்தனை நீர்க்காகம், கொக்கு எந்தப் பக்கம், யார் முதலில் நகர்ந்தார்கள், இவ்வளவு எழுதினால் போதும். மீன் சைஸும் தெரிந்தால் நல்லது. பனி மூடிய நாளை விட்டுவிடுங்கள்.

---

ஏரிச்சாலை (கொடைக்கானல்), மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். எழுதி வைத்ததைப் பார்த்துச் சொல்கிறேன்.

பெரும்பாலான நாளில் நீர்க்காகங்கள் கொக்கைச் சட்டையே செய்யவில்லை. கொக்கு வந்தாலும் போனாலும் அவை பாட்டுக்கு முங்குகின்றன. மடையான் சார் சொன்ன மூன்றாவது, அதாவது கொக்கைத் தேடி நீர்க்காகம் வருவது, ஒரு நாள்கூட நடக்கவில்லை. எப்போதும் கொக்குதான் பின்னால்.

ஆனால் ஒரு நாள். வழக்கமான மூன்றில் ஒரு நீர்க்காகம் நல்ல மீன் ஒன்றோடு எழுந்தது, அதன் தலையைவிட நீளம். அடிவாரம் தம்பி சொன்ன மாதிரி தூக்கிப் போட்டுத் திருப்பப் பார்த்தது. சரியாக வரவில்லை. கொக்கு ஓடி வந்து ஒரு முழம் தள்ளி நின்றது. கொத்தவில்லை, பறிக்கவில்லை, கழுத்தை மட்டும் நீட்டியது. அவ்வளவுதான், நீர்க்காகம் மீனோடு அப்படியே முங்கி ஏரி நடுவில் போய் எழுந்தது. மற்ற இரண்டும் கொக்குக்குப் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. சின்ன மீனுக்குக் கொக்கு யாரோ, பெரிய மீன் வாயில் இருந்தால் கொக்கு திருடன். அந்த நீர்க்காகத்துக்குத் தெளிவாக இருக்கிறது, நாம்தான் மூன்று வாரமாகப் பேசுகிறோம்.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை கொக்கே ஒரு பெரிய மீன் பிடித்தது. மரத்தில் இருந்த அண்டங்காக்கை இறங்கி விரட்டு விரட்டென்று விரட்டியது. கொக்கு மீனைப் போட்டுவிட்டது. காக்கை திரும்பி வருவதற்குள், அதுவரை அங்கே இருப்பதே எனக்குத் தெரியாமல் புல்லோடு புல்லாக உட்கார்ந்திருந்த மடையான் ஒன்று எடுத்து விழுங்கிவிட்டது. விழுங்கிய பிறகு மறுபடியும் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். "பார்த்தாயா, மொத்தமும் திருட்டுக் கும்பல்" என்று ஒரே சந்தோஷம்.

---

பூம்பாறைப்பூண்டு (பூம்பாறை), ஞாயிறு இரவு 9.40

கீழே விழுந்ததை எடுத்த மடையான் எந்தச் சட்டத்தில் திருடன்? உருண்டு வந்த பூண்டுதானே அது. நான் கட்சி மாறிவிட்டேன்.

---

மடையான் (ஊட்டி), திங்கள் காலை 6.50

என் பெயரை இதில் இழுக்க வேண்டாம்.

நல்ல குறிப்புகள் அம்மா. ஒரே ஒரு கேள்வி: மீனோடு நடு ஏரிக்குப் போன நீர்க்காகம் மறுநாள் அதே கரைக்கு வந்ததா?

---

ஏரிச்சாலை (கொடைக்கானல்), திங்கள் பகல் 2.20

மறுநாள் மூன்றும் வந்தன. அதில் எது அந்த நீர்க்காகம் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை, மூன்றும் ஒரே கறுப்பு. கொக்கும் வந்தது.

சீசன் தொடங்கிவிட்டது. காலை ஆறு மணிக்கே சைக்கிள் கேட்டு ஆள் நிற்கிறார்கள். மே முடிந்ததும் நோட்டை மறுபடியும் எடுக்கிறேன்.